வேர்மண்ணோடு ஒரு புரதம்

2025 ஜூலையில் வாளையாறு சோதனைச் சாவடியில் பேருந்து நின்றால், முகக்கவசம் அணிந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர் ஏறுவார். துப்பாக்கி போன்ற வெப்பமானியை ஒவ்வொரு நெற்றிக்கும் நேராகப் பிடிப்பார். இரண்டு நொடியில் ஒரு 'பீப்'. அடுத்த நெற்றி. பாலக்காட்டிலிருந்து கோவைக்கு வரும் கூட்டம் கொரோனாக் காலத்திலேயே இதற்குப் பழகிவிட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. இந்த முறை தேடப்பட்டது கொரோனா அல்ல, நிபா. மே 17 முதல் ஜூலை 12 வரை கேரளத்தில் நான்கு பேருக்கு நிபா உறுதியாகியிருந்தது. இருவர் இறந்துபோனார்கள். மலப்புரம் மாவட்டத்துக்கு நிபா புதிதில்லை. பாலக்காட்டுக்கு அதுதான் முதல் தடவை.

அந்த வெப்பமானியால் காய்ச்சலைப் பார்க்க முடியும், வைரஸைப் பார்க்க முடியாது. நிபா உடலுக்குள் நுழைந்தபின் காய்ச்சல் வருவதற்குப் பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். அந்த இடைவெளியில் ஒருவர் வாளையாறு வழியாகப் பத்து முறை போய்வரலாம், ஒவ்வொரு முறையும் நெற்றி குளிர்ச்சியாகவே இருக்கும். வெப்பமானியைக் குறை சொல்லவில்லை. கையில் அது ஒன்றுதான் இருக்கிறது. தடுப்பூசி இருந்தால் கதை வேறு. நிபாவுக்கு உரிமம் பெற்ற தடுப்பூசி எந்த நாட்டிலும் இன்னும் இல்லை. காரணங்கள் பல. இந்த அத்தியாயம் அவற்றில் ஒன்றைப் பற்றியது: கொழுப்பில் வேர் விட்டு நிற்கும் ஒரு புரதத்தை, அதன் உருவம் குலையாமல் பிடுங்கி எடுப்பது எப்படி?

அதற்கு முன் தமிழ்நாடு-கேரள எல்லையோரமாக இன்னும் தெற்கே ஒரு நடை. 2019 ஜூனில், தொடுபுழாவில் படித்துக்கொண்டிருந்த எர்ணாகுளம் மாவட்டத்து மாணவர் ஒருவருக்கு நிபா வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தார் வந்து பழந்தின்னி வௌவால்களுக்கு வலை விரித்தார்கள். அவர்கள் வலை விரித்த இடங்களில் இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழாவும் ஒன்று. முதலில் சோதித்த 36 வௌவால்களில் 12-ன் ரத்தத்தில் நிபாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது அந்த வௌவால்கள் வைரஸைச் சந்தித்திருக்கின்றன, சமாளித்திருக்கின்றன, வழக்கம்போல் மாம்பழம் தின்றுகொண்டிருக்கின்றன. மனிதருக்கு வந்தால் நூற்றில் 40 முதல் 75 பேரைக் கொல்லும் வைரஸ், வௌவாலுக்குச் சளி பிடித்ததுபோல்கூடத் தெரிவதில்லை.

கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாகத் தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வருகிற தொழிலாளிகளுக்கு மாநில எல்லை என்பது தினமும் இரண்டு முறை கடக்கும் ஒரு வளைவு. வௌவாலுக்கு அந்த வளைவும் இல்லை. ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறந்து, இந்தப் பக்கம் கொய்யாவைக் கடித்துவிட்டு அந்தப் பக்கம் போய்த் தொங்கும்.

வைரஸுக்குப் பெயர் வந்தது மலேசியாவிலிருந்து. 1998-99-ல் அங்கே பன்றிப் பண்ணைகளைச் சூறையாடிய நோயில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். சுங்கை நிபா என்ற கிராமத்து நோயாளியிடமிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் வைரஸைப் பிரித்தெடுத்தார். நிபா என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு பனைவகையின் பெயர். இந்தியாவில் 2001-ல் சிலிகுரி, 2007-ல் நாடியா, 2018 மே மாதம் கோழிக்கோடு. அந்தக் கோழிக்கோட்டு அலையில் உறுதியான 18 பேரில் 16 பேர் இறந்தார்கள். நோயாளியைக் கவனித்த பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினியின் மரணத்தை மலையாளிகள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு 2019, 2021, 2023, 2024, 2025. கிட்டத்தட்ட விருந்தாளி மாதிரி வந்துகொண்டிருக்கிறது.

இனி வைரஸின் தோலுக்கு வருவோம்.

நிபாவின் மேலுறை கொழுப்பாலானது. அந்தக் கொழுப்பு வைரஸ் உண்டாக்கியதல்ல. வெளியேறும்போது நம் செல்லின் சவ்வையே ஒரு துண்டு கிழித்துப் போர்த்திக்கொண்டு வருகிறது. அந்தப் போர்வையில் இரண்டு வகைப் புரதங்கள் முளைத்து நிற்கின்றன. ஒன்றுக்கு ஜி என்றும் இன்னொன்றுக்கு எஃப் என்றும் பெயர். ஜி ஒட்டிக்கொள்ளும். நம் ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் நரம்புச் செல்களிலும் உள்ள எஃப்ரின் பி-2 என்ற புரதம்தான் அது பிடிக்கும் கொக்கி. நிபா மூளைக்காய்ச்சலாக முடிவது ஏன் என்பதற்கான பதில் இங்கேயே இருக்கிறது. ஜி பிடித்தவுடன் எஃப் வேலையைத் தொடங்கும்.

எஃப் ஒரு பட்டன் குடை. கேரளத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் எல்லாப் பையிலும் இருக்குமே, அதே குடைதான். மடக்கி, சுருளை அழுத்தி, பட்டன் பூட்டிய நிலையில் வைரஸின் மேல் நிற்கிறது. ஜி தட்டினால் பட்டன் விடுபட்டுப் படாரென்று விரிகிறது. விரிகிற வேகத்தில் நம் செல்லின் சவ்வைக் குத்திப் பிடித்து, வைரஸின் சவ்வோடு இழுத்து ஒட்டவைக்கிறது. கதவு திறந்தாயிற்று. ஒரே வித்தியாசம், இந்தக் குடையை மறுபடி மடக்க முடியாது.

தடுப்பூசிக்கு வேண்டியது மடக்கிய குடை. விரிந்த குடையை உடம்புக்குக் காட்டினால், விரிந்த குடையைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள்தான் உண்டாகும். அவற்றில் பெரும்பாலானவை வைரஸ் உள்ளே போனபிறகு வந்து சேரும் காவல்காரர்கள்.

சிக்கல் என்னவென்றால் ஜி, எஃப் இரண்டுக்கும் அடியில் கொழுப்பை விரும்பும் ஒரு வேர் இருக்கிறது. சுமார் இருபது அமினோ அமிலங்கள் சுருளாகச் சுற்றிச் சவ்வைக் குறுக்கே துளைத்து நிற்கும் பகுதி அது. அதற்குத் தண்ணீர் ஆகாது. சவ்விலிருந்து பிடுங்கித் தண்ணீரில் போட்டால் வேர்கள் ஒன்றையொன்று தேடிச் சிக்கிக்கொண்டு, திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாகிவிடும். இப்படிச் சவ்வில் வேரூன்றி நிற்கும் புரதங்களுக்குச் சவ்வுப்புரதங்கள் என்று பெயர். கிருமிகளின் வெளிப்புறத்தில் நம் நோயெதிர்ப்பு மண்டலம் முதலில் சந்திப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். ஆகவே தடுப்பூசி செய்கிறவர்களுக்கு மிகவும் வேண்டியவையும் இவை, கையாளச் சள்ளை பிடித்தவையும் இவை.

எளிய வழி வேரை வெட்டிவிடுவது. தலைப்பகுதியை மட்டும் செய்தால் தண்ணீரில் நன்றாகக் கரையும். இதைக் கேவலமான குறுக்குவழி என்று நினைத்துவிடக் கூடாது. நிபாவின் அண்ணன் ஹெண்ட்ரா வைரஸ் 1994-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் குதிரைகளையும் ஒரு குதிரைப் பயிற்சியாளரையும் கொன்றது. அதன் ஜி புரதத்தை வேர் நீக்கிச் செய்த தடுப்பூசி 2012 முதல் அங்கே குதிரைகளுக்குப் போடப்படுகிறது. வேலை செய்கிறது. ஜி அப்படிப்பட்ட புரதம், வெட்டினாலும் முகம் மாறுவதில்லை. எஃப் அப்படியல்ல. வேரை வெட்டினால் குடை தானாக விரிந்துகொள்ளப் பார்க்கும். வேறு ஏதாவது கவ்வியைப் போட்டுக் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது.

ஏலச்செடியோ மிளகுக் கொடியோ பெயர்த்து நடுகிறவர்கள் வேரைக் கழுவி எடுத்துப் போவதில்லை. தாய்மண் உதிராமல், கட்டியோடு அள்ளிப் பைக்குள் வைத்துத்தான் எடுத்துப் போவார்கள். செடிக்குத் தான் இடம் மாறியதே கொஞ்ச நாள் தெரியாது. சவ்வுப்புரத ஆய்வில் நாற்பது ஆண்டுகளாக நடப்பது ஒருவகையில் இந்த நாற்றங்கால் வேலைதான். புரதத்தைச் சுற்றியுள்ள கொழுப்பில் ஒரு பிடியை மட்டும் அதனோடு சேர்த்து, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவில் ஒரு பொட்டலமாக்குவது.

பிடுங்குவதற்கு உதவுவது சோப்பு. சீயக்காய் தேய்த்துக் குளிக்கிற யாருக்கும் இந்த வேதியியல் தெரியும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். தலையிலிருந்து எண்ணெயை இழுப்பதுபோலவே சவ்விலிருந்து புரதத்தை இழுத்து, அதன் வேரைச் சுற்றி ஒரு கோட்டு மாட்டிவிடும். ஆனால் சோப்போடு அப்படியே விட்டுவைத்தால் நாளடைவில் புரதத்தையே கலைத்துவிடும். ஊசியில் போடவும் முடியாது. ஆகவே சோப்பை மெல்ல விலக்கிக்கொண்டே, அந்த இடத்தில் கொழுப்பைக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

1984-ல் சுவீடனின் பிரோர் மோரெய்னும் உடன் ஆய்வாளர்களும் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். சிலி நாட்டில் வளரும் கில்லாஜா மரத்தின் பட்டையில், நம் பூந்திக்கொட்டையில் இருப்பதுபோன்ற நுரைக்கும் பொருள், அதாவது சபோனின், நிறைய உண்டு. அதைக் கொலஸ்ட்ராலோடும் வேறு கொழுப்போடும் சேர்த்தால் சுமார் 40 நானோமீட்டர் அகலத்தில், பின்னல் பந்து மாதிரி குட்டிக் கூண்டுகள் தாமாகவே உருவாகின்றன. உறையுள்ள வைரஸ்களின் சவ்வுப்புரதங்கள் அந்தக் கூண்டுகளில் வேரூன்றி நின்றன. அதோடு, சபோனின் நோயெதிர்ப்புச் செல்களை உசுப்பிவிடும் குணமுள்ளது. வண்டியே சாட்டையாகவும் இருந்தது. 'இஸ்காம்' என்று பெயரிட்டார்கள். குதிரைகளின் ஃப்ளூவுக்குப் போடும் தடுப்பூசி வரை அது வந்தது. மனிதருக்கு வர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதைக்குத் திரும்ப வருவோம்.

இன்னொரு வழி அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஸ்லைகர் குழுவிடமிருந்து வந்தது. உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளில் 'எச்டிஎல்' என்று நல்ல கொழுப்புக்கு ஒரு வரி இருக்கும். அந்தக் கொழுப்பை ரத்தத்தில் சுமந்து திரிவது அப்போலிப்போபுரோட்டீன் ஏ-1 என்ற புரதம். கொழுப்பைச் சுற்றிப் பெல்ட் மாதிரி வளைந்துகொள்ளும் பழக்கம் உடையது. அதைக் கொஞ்சம் திருத்தி, கொழுப்போடும் சோப்பில் கரைந்த சவ்வுப்புரதத்தோடும் கலந்து, பிறகு சோப்பை விலக்கினால், பத்து நானோமீட்டர் அகலத்தில் ஒரு தட்டு உருவாகும். விளிம்பில் இரண்டு சுற்றுப் பெல்ட், நடுவில் கொழுப்பு, கொழுப்புக்குள் வேர் விட்டு நிமிர்ந்து நிற்கும் புரதம். இதற்கு நானோ தட்டு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஃப்ளூ வைரஸின் சவ்வுப்புரதத்தை இப்படிப் பதித்து எலிகளுக்குக் கொடுத்தபோது அவை நோயிலிருந்து தப்பின. எனக்குப் பிடித்த முறை இதுதான், அழகுக்காக. தொழிற்சாலைக்கு ஏற்றது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு தட்டில் ஒன்றிரண்டு புரதம்தான் நிற்கும், அது ஒரு குறை.

ஏன் குறை? நம் உடலில் எதிர்ப்பொருளைச் செய்யும் பி செல்களுக்குக் கூட்டம் பிடிக்கும். ஒரு பி செல்லின் மேல் ஒரே மாதிரியான ஏற்பிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தனிப் புரதம் ஒன்று வந்து ஒரு ஏற்பியைத் தொட்டால், யாரோ ஒருவர் கதவைத் தட்டியதுபோல, எழுந்து வரலாம், வராமலும் இருக்கலாம். ஒரே துகளில் வரிசையாக இருபது முப்பது புரதங்கள் நின்று ஒரே சமயத்தில் பல ஏற்பிகளைத் தொட்டால், ஊரே வந்து தட்டியமாதிரி. அளவும் முக்கியம். மிகச் சிறிய புரதம் ஊசி போட்ட இடத்திலிருந்து ரத்தத்தில் கலந்து சிதறிவிடும். 20 முதல் 200 நானோமீட்டர் வரையுள்ள துகள்கள் நிணநீர்க் குழாய்களில் இறங்கி, அக்குளில் நெறி கட்டுமே, அந்தக் கணுக்களுக்கு நேராகப் போய்ச் சேரும். பி செல்கள் கூடியிருக்கும் சந்தை அதுதான். நிஜ வைரஸும் இந்த அளவில், இப்படித்தான் முள்முள்ளாக இருக்கும். உடம்பு பல கோடி ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய உருவம்.

இதெல்லாம் நாளைய விஞ்ஞானம் என்று தோன்றலாம். உண்மையில் இதைப் படிக்கும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், அதன் தொடையில் இப்படிப்பட்ட நானோ துகள் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

1960-களில் பரூக் பிளம்பர்க் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதுப் புரதத்தைக் கண்டார். அது ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்பது பிறகு தெரிந்தது. 1976-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வைரஸுக்கு ஒரு ஊதாரித்தனம் உண்டு. முழு வைரஸைவிடப் பல மடங்கு அதிகமாக, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் மேலுறை உருண்டைகளை ரத்தத்தில் கொட்டும். ஒவ்வொன்றும் 22 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே மூவாயிரத்துக்கு மேல் அடுக்கலாம். புரதமும் கொழுப்பும் தாமாகவே சேர்ந்து உருண்ட பொட்டலம். முதல் தடுப்பூசிக்கு அதை நோயாளிகளின் ரத்தத்திலிருந்தே வடித்தார்கள். பிறகு அந்தப் புரதத்தின் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்தார்கள். ஈஸ்ட்டின் கொழுப்பைக் கட்டிக்கொண்டு அதே உருண்டைகள் கிடைத்தன. இந்தியாவில் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் இதைச் செய்து காட்டியது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியை அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தபோது, நாட்டிலேயே முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். அந்த ஊசியின் ஐந்தில் ஒன்று இந்த 22 நானோமீட்டர் உருண்டை. வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதத்தில் வந்தது.

சிலி மரப்பட்டைக் கதைக்கு வருகிறேன். மோரெய்னின் கூண்டு சுவீடனின் உப்சாலாவில் ஒரு சிறு நிறுவனமாகி, 2013-ல் அமெரிக்காவின் நோவாவாக்ஸ் கைக்குப் போயிற்று. கொரோனா வந்ததும் அவர்கள் அந்த வைரஸின் ஸ்பைக் என்ற சவ்வுப்புரதத்தை வேரோடு, முழுசாகச் செய்தார்கள். செய்த இடம் ஒரு பூச்சியின் செல். எந்தப் பூச்சி தெரியுமா? 2018 முதல் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் மக்காச்சோளத்தைக் குருத்தோடு மொட்டையடித்த படைப்புழு. அதன் கூட்டுப்புழுவின் சூலகத்திலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் எடுத்து வளர்த்த செல்கள் உலகெங்கும் ஆய்வகங்களில் உண்டு. அந்தச் செல்கள் ஸ்பைக்கைச் செய்துகொடுக்க, பாலிசார்பேட் 80 என்ற சோப்பு வகைப் பொருளைச் சேர்த்தார்கள். ஐஸ்கிரீமிலும் போடுகிற சரக்குதான். ஸ்பைக்குகளின் வேர்கள் அந்தச் சோப்புத் துளியை நோக்கி உள்ளே திரும்ப, தலைகள் வெளியே நிற்க, பூங்கொத்து மாதிரி ஒரு நானோ துகள். ஒரு ஊசியில் ஐந்து மைக்ரோகிராம் புரதம். அதனோடு ஐம்பது மைக்ரோகிராம் மரப்பட்டைக் கூண்டு. இந்த முறை கூண்டு காலி, உசுப்புவது மட்டும் அதன் வேலை. புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் இதைக் கோவோவாக்ஸ் என்ற பெயரில் தயாரித்தது. 2021 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய அரசும் அவசரப் பயன்பாட்டுக்கு ஒப்புக்கொண்டன. அதாவது வேர்மண்ணோடு பெயர்த்த சவ்வுப்புரதத்தைப் பெருமளவில் செய்கிற கைப்பழக்கம் இந்தியாவில் இருக்கிறது.

அப்படியானால் நிபாவுக்கு ஏன் செய்யவில்லை? செய்துகொண்டிருக்கிறார்கள், பல வழிகளில். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024 ஜனவரியில் மனிதரிடம் சோதனை தொடங்கியது. கோவிஷீல்டில் வந்த அதே சிம்பன்ஸி அடினோ வைரஸ்தான் வாகனம். மாடர்னாவின் எம்ஆர்என்ஏ ஊசி மடக்கிய எஃப்-ஐயும் ஜி-யையும் இணைத்த ஒரு கலப்புப் புரதத்தின் குறிப்பைச் சுமக்கிறது. இதிலும் கொழுப்பு நானோ துகள் உண்டு. குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே துகளுக்குள் இருப்பது புரதம் அல்ல, சமையல் குறிப்பு. நம் செல் அதைப் படித்துப் புரதத்தைச் செய்து, தன் சவ்விலேயே நட்டுவிடும். நாற்றைப் பெயர்க்கிற தொல்லையே இல்லை, விதையை அனுப்பியாயிற்று. குளிர்ச்சங்கிலிதான் அதன் பலவீனம். இடுக்கி மலையில் மின்சாரம் எத்தனை முறை போகும் என்று கேட்டால், சாதாரண ஃப்ரிட்ஜில் இருக்கிற புரத ஊசிக்குத்தான் என் ஓட்டு.

சோதிப்பதில் வேறொரு கஷ்டம். ஒரு தடுப்பூசி காக்கிறதா என்று பார்க்க, ஊசி போட்டவர்களிலும் போடாதவர்களிலும் நோய் வந்தவர்களை எண்ண வேண்டும். ஆண்டுக்கு நாலைந்து பேருக்கு மட்டும், எந்த ஊரில் என்று முன்கூட்டித் தெரியாமல் வரும் நோயில் யாரை எண்ணுவது? ஆகவே குரங்குகளிலும் ஃபெரெட் என்ற கீரி போன்ற பிராணியிலும் கிடைக்கும் பாதுகாப்பையும், மனிதரின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள் அளவையும் ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டியிருக்கும்.

அதுவரைக்கும் பழைய வழிகள். வங்கதேசத்தில் ஈச்சம்பாலை இரவில் கலயத்தில் இறக்கும்போது வௌவால் வந்து நக்குவதால் நிபா வருகிறது என்று தெரிந்ததும், கலயத்துக்கு மேல் மூங்கில் கீற்றில் பின்னிய பாவாடை கட்டச் சொன்னார்கள். வௌவால் நெருங்குவது வெகுவாகக் குறைந்தது. கேரளத்துக் கள்ளில் பெரும்பங்கு இறங்குவது பாலக்காட்டின் சித்தூர் தென்னந்தோப்புகளில். அங்கே கள் மூலம் நிபா பரவியதாக நிரூபணம் எதுவும் கிடையாது. இருந்தாலும் நிபாச் செய்தி வரும்போதெல்லாம் திறந்த கலயத்துக் கள்ளைக் குடிக்காதீர்கள், வௌவால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள் என்ற அறிவிப்பும் வரும்.

ஊசி வந்தாலும் ஊருக்கெல்லாம் போடப்போவதில்லை. ஒருவருக்கு நோய் என்று தெரிந்ததும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும், கவனிக்கும் செவிலியர்களுக்கும் போடுவார்கள். அப்போது நாள்கணக்கு இடிக்கிறது. கோவோவாக்ஸ் போன்ற புரத ஊசிகளுக்கு மூன்று வார இடைவெளியில் இரண்டு தவணை. நிபாவோ 14 நாளுக்குள் முடிவைச் சொல்லிவிடும். ஒரே தவணையில், ஒரே வாரத்தில் உடம்பை எழுப்புகிற துகள் வேண்டும். புரதங்களை ஒரு துகளில் எத்தனை நெருக்கமாக நடலாம், எந்தக் கூண்டைத் துணைக்கு அனுப்பலாம் என்று ஆய்வகங்களில் இப்போது கணக்குப் போடுவது அதற்காகவும்தான். இருட்டு விலகுமுன் கம்பத்தில் ஜீப்பேறி மலைமேல் போகிற ஏலத்தோட்டத் தொழிலாளியிடம் மூன்று வாரம் கழித்து இரண்டாவது ஊசிக்கு வரச்சொன்னால், அன்றைக்கு அவர் எந்தத் தோட்டத்தில் இருப்பார்?